ஐம்பத்தெட்டாம் இலக்கக் காருக்கு ஏழு சீட்டு

எங்கள் கார்ப் பந்தயக் கழகத்தில் இந்த வருடம் சீட்டுப் போடும் தகரப் பெட்டியை ஒழித்துவிட்டார்கள். இனிமேல் ஓட்டம் முடிந்ததும் கார் வாங்க விரும்புகிறவர்கள் கைத்தொலைபேசியில் இலக்கத்தை அழுத்தினால் போதுமாம். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. அந்தப் பெட்டியின் மூடி என் விரலை எத்தனையோ தரம் கடித்திருக்கிறது. ஆனால் என்னுடைய இடத்துக்கு வந்திருக்கும் இளம் பரிசோதகி போன மாதம் கோப்பிக் கடையில் என்னிடம் கேட்டாள்: “ஒரு முறை நாற்பது தமிழர் சேர்ந்து ஒரே காரைக் கேட்டுப் பெரிய சண்டையே வந்ததாமே, உண்மையா?” நாற்பது இல்லை, ஏழு. சண்டையும் வரவில்லை; வந்திருந்தால் இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது. இதை இப்படியே விட்டால் இன்னும் பத்து வருடத்தில் நாங்கள் யானையில் வந்து இறங்கியதாகவும் சொல்வார்கள். அதனால் எழுதுகிறேன். அந்தக் குழப்பத்துக்குக் காரணமானவன் நான் என்பதும் இன்னொரு காரணம்.

நான் ஓய்வுபெற்ற கார் பரிசோதகன். எண்பதுகளில் நோர்வேக்கு வந்தது, வடக்கே மீன் தொழிற்சாலையில் விரல் விறைத்தது, ஒஸ்லோவுக்கு வந்து மொழியும் மெக்கானிக் வேலையும் படித்தது எல்லாவற்றையும் இந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த வரி பொதுவானதுதான். பிறகு ஒஸ்லோ நகரின் புருசெத்தில் நான் இருந்த தொடர்மாடிக்குக் கிட்டவே ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. இருபது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் கார்களை உயர்த்திவைத்து, அடிவயிற்றைப் பார்த்து, பிழை சொல்லிச் சம்பளம் வாங்கினேன்.

அங்கே எனக்கு மேலாளர் ஆர்வித். வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் அவர் கேட்டார்: “ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய்?” நான் “ஒன்றுமில்லை” என்று சொல்லித் தொலைத்தேன். அந்தப் பதில் அடுத்த பதினாறு கோடைகளின் ஞாயிறுகளை விழுங்கிவிட்டது. ஒஸ்லோவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், காட்டுக்குள் சரளைக்கல் பாதையில் பழைய கார்களை ஓட்டிப் பந்தயம் வைக்கும் ஒரு கழகம் இருந்தது. ஆர்வித் அங்கே தொழில்நுட்பப் பரிசோதனைக்குப் பொறுப்பாளர். நான் அவருடைய கையாள்.

இந்தப் பந்தயத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஓடுவது எல்லாம் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சாதாரணப் பழைய கார்கள். கண்ணாடி கழற்றி, உள்ளே இரும்புக் கூடு வைத்து, கதவை மூடிப் பூட்டி ஓட்டுவார்கள். கடைசி ஓட்டம் முடிந்ததும் ஓடிய கார் ஒவ்வொன்றும் விற்பனைக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே விலை, அதுவும் மலிவான விலை. கழக உறுப்பினர் யாரும் எந்தக் காரையும் கேட்கலாம். சொந்தக்காரர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. காருக்குள் களவாக விலைகூடிய எஞ்சினைப் போட்டால் அடுத்த வாரம் அது வேறொருவர் முற்றத்தில் நிற்கும். அந்தப் பயத்தில் எல்லோரும் ஒழுங்காக ஓடுவார்கள். சட்டம் எழுதினவன் மனிதரை நன்றாகப் படித்தவன்.

ஆர்வித் பரிசோதிக்கும் முறையைச் சொல்லாமல் போக முடியாது. காலை எட்டு மணிக்குக் கார்கள் வரிசையில் நிற்கும். முதலில் சீற் பெல்ட். இழுத்துப் பார்க்க மாட்டார், அதில் தொங்குவார். பிறகு பற்றறி, இரண்டு கையாலும் பிடித்துப் பிள்ளையை உலுக்குவதுபோல உலுக்குவார். பிறகு கூட்டின் ஒட்டு ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். எல்லாம் முடிந்ததும் ஒரு சொல். சரியென்றால் “யூ”. இல்லையென்றால் “நை”. என்ன பிழை என்று சொல்லவே மாட்டார். ஓட்டுநர் தானே காருக்குள் புகுந்து தேட வேண்டும். பிழை ஒன்றைக் கண்டுபிடிக்கப் போய் மூன்றைக் கண்டுபிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். “சொன்னால் அதை மட்டும்தான் திருத்துவார்கள்” என்று ஒருமுறை எனக்கு விளக்கினார். அந்த வருடம் அவர் பேசிய மிக நீளமான வசனம் அதுதான்.

விற்பனைக்குத்தான் அந்தத் தகரப் பெட்டி. மூடியில் ஒரு துவாரம், பக்கத்தில் ஒரு பூட்டு. கடைசி ஓட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் பெட்டி மேசையில் இருக்கும். கார் இலக்கத்தையும் தன் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். நேரம் முடிந்ததும் ஆர்வித் பெட்டியைத் திறந்து உரக்க வாசிப்பார். ஒரு காரைப் பல பேர் கேட்டிருந்தால் சீட்டுகளை ஒரு தலைக்கவசத்துக்குள் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார்.

இனி இரசிகர்கள். தெற்கு மேடு பழைய ஆட்களுடையது. அப்பனும் மகனும் பேரனுமாக அதே இடத்தில் மடக்குக் கதிரை போட்டு, கோப்பிக் குடுவையோடு இருப்பார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஸ்வெர்ரே, கடைகளுக்குப் பாண் கொண்டுபோகும் வண்டியை ஓட்டி ஓய்வுபெற்றவர். எந்தக் கார் வருகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தில் சொல்வார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில் நான் எங்கள் தொடர்மாடியில் இருந்த மங்கையின் குடும்பத்தை ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போனேன். மங்கை முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். அடுத்த முறை மூன்று குடும்பம் வந்தது. அடுத்த கோடையில் ஏழு. வாசலில் காசு மிச்சம் பிடிக்க எல்லோரும் உறுப்பினர் ஆகிவிட்டார்கள். இடியப்பப் பெட்டி, மட்டன் ரோல்ஸ், பெரிய குடைகள், ஒரு வாளி, அதைத் தட்ட இரண்டு கரண்டி என்று வந்து, தெற்கு மேட்டுக்குப் பக்கத்து மேட்டிலேயே குடியேறினார்கள்.

ஸ்வெர்ரே என்னிடம் முறைப்பாடு சொல்ல வருவார். “உங்கள் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். குடை மறைக்கிறது. கார் பிரளும்போது கைதட்டுகிறார்கள்!” கார் பிரண்டதற்கு அல்ல, ஓட்டுநர் உயிரோடு வெளியே வந்ததற்குத்தான் தட்டுகிறார்கள் என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “அப்படியென்றால் வெளியே வந்த பிறகு தட்டச் சொல்லு” என்றார். இந்தப் பக்கம் வந்தால் மங்கை பிடித்துக்கொள்வாள். “அண்ணை, உவை ஏன் செத்தவீட்டுக்கு வந்தவை மாதிரி இருக்கினம்? ஒரு சத்தம் இல்லை, சிரிப்பு இல்லை. பந்தயம் பாக்க வந்தவையோ, பிரேதம் எடுக்க வந்தவையோ?” நான் வெள்ளை மேலங்கியோடு இரண்டு மேட்டுக்கும் நடுவில் நின்று எல்லோருக்கும் தலையாட்டினேன்.

இரண்டு மேடும் ஒத்துப்போன ஒரே விஷயம் பெரிட். ஐம்பது கடந்த தபால்காரி. இரண்டு குளிர்காலம் தன் கொட்டகையில் இருந்து தானே பிரித்துக் கட்டிய, சுவீடனில் செய்த சதுரமான பழைய கார், இலக்கம் ஐம்பத்தெட்டு. பதினொரு வருடமாக அதைத்தான் ஓட்டினாள், ஒருமுறையும் கோப்பை வென்றதில்லை. ஸ்வெர்ரேக்கு அவள் சொந்த மகள் மாதிரி. மங்கைக்கு அதைவிட மேலே. “அந்த மனிசியும் என்னை மாதிரித்தான் அண்ணை, கிழமை முழுக்க வேலை செய்துபோட்டு வந்து நிக்கிறா. ஓட்டத்தைப் பாருங்கோவன்!” அந்தப் பருவத்தில் பெரிட் முதன்முறையாகப் புள்ளிகளில் முன்னுக்கு நின்றாள். கடைசிப் பந்தயத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. அதோடு ஓட்டத்தை விட்டுவிடப் போவதாகவும் சொல்லியிருந்தாள்.

பழைய ஆட்களிடம் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. மதிப்புள்ள ஓட்டுநரின் இலக்கத்தை யாரும் சீட்டில் எழுத மாட்டார்கள். எழுதினால் “நீ களவு எஞ்சின் போட்டிருக்கிறாய்” என்று முகத்தில் சொல்வது போல, அல்லது “நீ இனி ஓடாதே” என்று சொல்வது போல. பதினொரு வருடத்தில் பெரிட்டின் இலக்கம் அந்தப் பெட்டியில் ஒருமுறையும் விழுந்ததில்லை. இதை நான் எங்கள் ஆட்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னது வேறொன்று.

கடைசிக்கு முந்திய பந்தயத்தன்று காலை நான் ஒரு காருக்கு அடியில் கிடந்தேன். மங்கையின் குரல் கேட்டது. “அண்ணை, உந்தப் பெட்டி என்னத்துக்கு?” எனக்கு ஒரு கையில் லைற், மறு கையில் ஸ்பனர், வாயில் ஒரு ஆணி. சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று நினைத்து ஆணியைத் துப்பினேன்.

“உது எங்கடை கோயில் ஏலம் மாதிரித்தான் மங்கை.”

எங்கள் கோயிலில் திருவிழா முடிவில் சாமிக்குப் படைத்த மாம்பழத்தையும் சேலையையும் ஏலம் விடுவது எல்லோருக்கும் தெரியும். எத்தனை பேர் கேட்கிறார்களோ, விலை எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவுக்கு மரியாதை. அன்று மாலை பெரிட் கடைசி ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். மேட்டில் மங்கை என்ன சொன்னாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது: “அவவுக்கு நாங்கள் ஒரு மரியாதை செய்ய வேணும். விலையை ஏத்தேலாதாம், அப்ப ஆக்களையெண்டாலும் ஏத்துவம். வீட்டுக்கொரு சீட்டு!”

முறைப்படி, முதலாவதாக வந்த காரின் எஞ்சினை அளந்து பார்க்க வேண்டும். ஆகவே பெட்டி மேசையில் இருந்த அந்த அரை மணி நேரமும் நான் பெரிட்டின் காருக்கு அடியில்தான் இருந்தேன். மேசைப் பக்கம் கால்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. காலுறையோடு செருப்புப் போட்ட கால்கள், எங்கள் ஆட்கள்தான். பக்கத்தில் சொசேஜ் கடை. பரவாயில்லை, கடைசியில் இவர்களும் சொசேஜ் சாப்பிடப் பழகிவிட்டார்கள் என்று அடியில் கிடந்தபடி சந்தோஷப்பட்டேன்.

ஆர்வித் பெட்டியைத் திறந்தார். “ஐம்பத்தெட்டு” என்று வாசித்தார். தெற்கு மேட்டில் ஒரு கோப்பிக் கோப்பை பாதியில் நின்றது. இரண்டாவது சீட்டை எடுத்தார். ஐம்பத்தெட்டு. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதை வாசிக்கும்போது அவருடைய குரலே இறங்கிவிட்டது. ஏழும் ஐம்பத்தெட்டு, ஏழு பெயரும் எங்கள் பெயர். தலைக்கவசத்துக்குள் போட்டுக் குலுக்கினார். வந்தது மங்கையின் சீட்டு.

மங்கை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, பெரிட்டைக் கட்டிப்பிடிக்க ஓடினாள். பெரிட் ஒரு அடி பின்வாங்கினாள். அவளுடைய முகம் வெளுத்திருந்தது.

“நான் உனக்கு என்ன செய்தேன்?” என்று கேட்டாள்.

மங்கைக்கு நோர்வேஜிய மொழி நன்றாகத் தெரியும். அந்தக் கேள்வி விளங்கியது, காரணம்தான் விளங்கவில்லை. விரித்த கைகளோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடம் வேலை செய்ததில் எனக்கு வெட்கத்தால் காது சுட்டது அன்று ஒரு நாள்தான். பிழை என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கோயில், மாம்பழம், சேலை, மரியாதை எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் மாறி மாறி விளக்கினேன். ஸ்வெர்ரே சிவந்த முகத்தோடு கேட்டார்: “கடவுளுக்குக் கொடுத்த பழத்தைக் கடவுளிடமிருந்து எடுத்து விற்பீர்களா?”

“ஆம்.”

“பிறகு அதைச் சாப்பிட்டுவிடுவீர்களா?”

“ஆம்.”

“இதில் கடவுளுக்கு என்ன மரியாதை?”

மங்கை தமிழில் என்மேல் பாய்ந்தாள். “நீங்கள் எனக்கு என்ன சொன்னனீங்கள்? ஏலம் எண்டெல்லோ சொன்னனீங்கள்! அந்த மனிசியின்ரை வயித்திலை அடிக்கப் பண்ணிப்போட்டியளே! எனக்கு வேண்டாம், இப்பவே திருப்பிக் குடுக்கிறன்.” ஆர்வித் விதிப் புத்தகத்தைத் திறந்தார். விற்றது விற்றதுதான். அதே பருவத்தில் விற்றவருக்கே திரும்பக் கொடுக்கக் கூடாது. இல்லாவிட்டால் எல்லோரும் சிநேகிதர்களை வைத்து வாங்கித் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். “நை” என்றார். அதை அவர் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்வெர்ரே தன் மேட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “பெட்டியால் போனது பெட்டியால் வரும். கடைசிப் பந்தயத்தில் இந்தக் கார் மறுபடி விற்பனைக்கு வரும்தானே? நாங்கள் முப்பது பேர் எழுதுவோம்.”

கார் புருசெத்துக்கு வந்தது. விருந்தினர் தரிப்பிடத்தில் கண்ணாடியும் இல்லாமல் அது நின்ற கோலத்தைப் பார்த்துத் தொடர்மாடி நிர்வாகம் இரண்டே நாளில் கடிதம் போட்டது. மங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவள் கணவன் சிவம் எனக்குச் சொன்னார். வேறு யாரிடம் சொல்ல, பழி என்மேல்தானே. நான் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன்: விற்றவர் காரைத் திரும்ப வாங்கக் கூடாது, பெறக் கூடாது. ஓட்டக் கூடாது என்று எங்கும் இல்லை. ஆர்வித்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூன்று தரம் வாசித்தார், கண்ணாடியைத் துடைத்து நான்காம் தரமும் வாசித்தார். “யூ.” பிறகு, “ஆனால் பந்தயத்தன்று நீ அந்தக் காரைத் தொடக் கூடாது. நான் பார்ப்பேன்” என்றார். நியாயம்தான்.

மங்கையும் நானும் பெரிட்டின் வீட்டுக்குப் போனோம். மற்றவர் காரை ஓட்ட மாட்டேன் என்று பெரிட் வாசலிலேயே சொல்லிவிட்டாள். மங்கை வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த மன்னிப்பு மறந்துபோய்விட்டது. “நீங்கள் ஓடாவிட்டால் நான்தான் ஓட வேண்டும். எனக்கு லைசென்ஸ் இல்லை. சைக்கிளும் ஓடத் தெரியாது” என்றாள். பெரிட் சாத்தப்போன கதவை விட்டாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே கூப்பிட்டாள்.

காரை ஏற்றிப்போகும் இழுவை வண்டி ஸ்வெர்ரேயிடம்தான் இருந்தது. பெரிட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு புருசெத்துக்கு வந்தார். திரும்பிப் போகும்போது என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். “அவள் அதைப் போர்த்தி வைத்திருக்கிறாள்” என்றார். உண்மைதான். கண்ணாடி இல்லாமல் உள்ளே மழை போகும் என்று மங்கை தன் கட்டில் போர்வையை, பெரிய ரோசாப்பூப் போட்ட போர்வையை, காருக்கு மேல் போட்டு நான்கு பக்கமும் கல் வைத்திருந்தாள். “பதினாறு ரோல்ஸ் தந்தாள். மிகவும் உறைப்பு” என்றும் சொன்னார். எத்தனை சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

கடைசிப் பந்தயத்தன்று மங்கை சொந்தக்காரியாக ஓட்டுநர் பகுதிக்குள் நின்றாள். ஆர்வித் பெல்ட்டில் தொங்கினார், பற்றறியை உலுக்கினார், கூட்டைத் தட்டினார். “நை” என்றார். மங்கை காரைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். கடைசியில் ஆர்வித் குனிந்து நான்கு ரயரையும் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே கண் திருஷ்டிக்கு மங்கை வைத்த ஒரு தேசிக்காய். கழன்று விழும் பொருள் எதுவும் காரோடு இருக்கக் கூடாது என்பது விதி. “கார் வெளிக்கிட்டால் நசிந்துவிடும், பிறகு எப்படிக் கழன்று விழும்?” என்று மங்கை கேட்டாள். ஆர்வித் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தார். “யூ.”

பெரிட் நன்றாகத்தான் ஓடினாள். கடைசிச் சுற்றுக்கு முந்திய வளைவில் ஒரு இளம் பெடியன் பின்னால் இடித்ததில் கார் சுழன்றுவிட்டது. மூன்றாவதாக வந்தாள். கோப்பை அந்தப் பெடியனுக்குப் போனது. இரண்டு மேடும் அவனை ஒன்றாகத் திட்டின, எங்கள் மேடு கொஞ்சம் கூடுதலாக.

பிறகு பெட்டி மேசைக்கு வந்தது. அரை மணி நேரம். எங்கள் மேட்டில் சிவம் எல்லோருடைய பேனையையும் முன்கூட்டியே பறித்து வைத்திருந்தார். தெற்கு மேட்டிலிருந்து ஸ்வெர்ரே இறங்கி வந்தார், பின்னால் முப்பது பேர். மங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். பருவம் முடிந்ததும் அன்று மாலையே காரைப் பெரிட்டுக்குக் கொடுத்துவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள். ஸ்வெர்ரே அணி எழுதினால் அதுவும் நடக்காது. கார் குலுக்கலில் எவர் கைக்கோ போகும். ஸ்வெர்ரே பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். பேனை கையில் இருந்தது. மங்கையைப் பார்த்தார். பேனையைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுச் சொசேஜ் கடைக்குப் போய் வரிசையில் நின்றார். முப்பது பேரும் அவருக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

நேரம் முடிந்ததும் ஆர்வித் பெட்டியைத் திறந்தார். கவிழ்த்து அடியைத் தட்டியும் காட்டினார். ஒன்றுமில்லை. தெற்கு மேட்டு ஆட்கள் மங்கைக்குத் தலையாட்டினார்கள், பெரிட்டுக்கு ஆட்டுவது போலவே. நான் மங்கையைப் பார்த்தேன். அவளுடைய முகம் சுருங்கிக் கிடந்தது.

“என்ன மங்கை? இதுதான் இவையின்ரை மரியாதை எண்டு சொன்னனான் எல்லோ?”

“தெரியும் அண்ணை. தெரிஞ்சாலும், ஒருத்தர்கூடக் கேக்கேல்லையே எண்டு ஒரு மாதிரிக் கிடக்கு.”

அவள் என்ன சொன்னாள் என்று பெரிட் கேட்டாள். சுருக்கமாகச் சொல்லும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தேன். பெரிட் தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“பதினொரு வருடம்” என்றாள். “ஒவ்வொரு முறையும் பெட்டி திறக்கும். என் இலக்கம் வராது. எல்லோரும் தலையாட்டுவார்கள். மரியாதை என்று எனக்கும் தெரியும். வீட்டுக்குப் போய் ஒருவருக்கும் வேண்டாத காரைக் கழுவிக்கொண்டு நிற்பேன்.”

மங்கை சாவியை நீட்டினாள். பெரிட் அவளுடைய விரல்களை அதன்மேல் மூடிவிட்டாள். “உன்னிடமே இருக்கட்டும். அடுத்த வருடம் உன் காரை ஓட்ட ஆள் தேவைதானே?” பிறகு ஆர்வித்தின் பக்கம் திரும்பி, “அந்த ஏழு சீட்டும் எனக்கு வேண்டும்” என்றாள்.

சீட்டுகளைப் பருவம் முடியும்வரை உறையில் போட்டு வைத்திருக்க வேண்டும் என்பது முறை. ஆர்வித் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பருவம் முடிந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. “யூ” என்று உறையைக் கொடுத்தார். பெரிட் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, எங்கள் நீளமான பெயர்களில் தடுக்கித் தடுக்கி உரக்க வாசித்தாள். பெயர் வரவர எங்கள் மேட்டில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். குடை மறைக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏழாவது பெயர் மங்கையுடையது. அதை மட்டும் அவள் சீட்டைப் பார்க்காமலே சொன்னாள்.